பின்சக்கரத்தில் பற்சக்கரம் பொருத்தும் முறை

கிராம வாழ்க்கையில் சைக்கிள் இன்றியமையாத சாதனமாகும். பால் கொண்டு செல்வோரும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வோரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அதை நம்பியே வீட்டிலிருந்து புறப்படுகின்றனர். சாதாரண சைக்கிளைப் பழுது பார்க்க நம் ஊர்க் கடைகளில் கைதேர்ந்தவர்கள் உண்டு. இப்போது பல பற்சக்கரங்கள் கொண்ட கியர் சைக்கிள்களும் கிராமங்களுக்கு வந்துவிட்டன. அவற்றின் பின்சக்கர வேலையை உள்ளூரிலேயே செவ்வனே செய்ய முடியும். அதற்கு வேண்டியவை இரண்டொரு கருவிகளும், சிறிது கவனமுமே.

இரு வகைகள்

பின்சக்கரத்துப் பற்சக்கரங்கள் இரு வகையில் அமைகின்றன. முதலாவது, நாம் நன்கறிந்த பிரீவீல். இது ஹப்பின் மரையில் திருகி ஏற்றப்படுவது. சக்கரத்தைத் தனித்து ஓடவிடும் பொறி இதனுள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, காசெட் எனப்படும் பல்வரிசை. இதில் அந்தப் பொறி ஹப்புடன் இணைந்த உருளையில் இருக்கும்; பற்சக்கரங்கள் மட்டும் அவ்வுருளையின் மீது கோக்கப்படும். 1978ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஷிமானோ நிறுவனம் வெளியிட்ட அமைப்பு, இம்முறை பரவுவதற்கு வழிகோலிற்று.

இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. பிரீவீலில் பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூட, வலப்புறக் குண்டுகள் உள்ளே தள்ளிப் போகின்றன. அச்சின் வெளிப்பகுதி தாங்குதலின்றி நீண்டு, பாரம் ஏறும்போது வளைகிறது. சில வேளை முறிந்தும் போகிறது. காசெட் அமைப்பில் குண்டுகள் அச்சின் நுனிக்கு அருகிலேயே இருப்பதால் அத்துன்பம் குறைகிறது.

வகையை அறிவது எளிது. சக்கரத்தைக் கழற்றிப் பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். கழற்றும் கருவி பொருந்தும் நடுவளையமும் உடன் சுழன்றால் அது காசெட். அவ்வளையம் அசையாது நின்றால் அது பிரீவீல்.

பிரீவீல் பொருத்துதல்

ஹப்பின் மரையைத் துடைத்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவவேண்டும். பிரீவீலைக் கையால் மட்டுமே ஏற்றத் தொடங்குக. முதலில் இடப்புறமாகச் சற்றுத் திருப்பி, மரை அமர்வதை உணர்ந்தபின் வலப்புறமாகத் திருகினால் கோணலாக ஏறாது. கோணலாக ஏறியதை ஸ்பேனரால் வலிந்து திருகினால் அலுமினிய ஹப்பின் மரை அழிந்துவிடும். சிறிய பொருளுக்காகச் சக்கரத்தையே மாற்ற நேரும். இறுதி முறுக்கை மிதிக்கும் விசையே தந்துவிடும்.

காசெட் பொருத்துதல்

உருளையின் மேல் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் அளவில் வேறுபட்டிருக்கும். பற்சக்கரத்தின் உட்புறத்தில் அதற்கேற்ற பல் இருக்கும். இரண்டையும் நேர்ப்படுத்தினால் சக்கரம் தானே நழுவி இறங்கும். சுத்தியலுக்கு இங்கு வேலை இல்லை.

பெரிய சக்கரம் முதலில், சிறியது கடைசியில் என்ற வரிசையில், இடைவளையங்களை விட்டுவிடாமல் கோக்கவேண்டும். பற்களின் எண்ணிக்கை பொறித்த பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். கடைசிச் சக்கரம் உருளையின் விளிம்பைச் சற்றே தாண்டி நிற்கவேண்டும். அவ்வாறின்றேல் பூட்டு வளையம் சக்கரத்தை அழுத்தாமல் உருளையையே அழுத்தும், பல்வரிசை ஆடிக்கொண்டேயிருக்கும். சாலைச் சைக்கிள்களில் 11 சக்கரங்களுக்கென அமைந்த உருளையில் 8 அல்லது 9 சக்கரக் காசெட்டைப் போடும்போது, 1.85 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம் ஒன்றை முதலில் இடுவது இதற்காகவே.

பூட்டு வளையத்தின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, கையால் தொடங்கி, பின் கருவியால் வலப்புறம் முறுக்கவேண்டும். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாலே போதும். கழற்றும்போது மட்டுமே பற்சக்கரத்தைப் பிடிக்கச் சங்கிலிப் பிடி தேவை. வழக்கமான முறுக்கு 40 நியூட்டன் மீட்டர். அதாவது, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ எடை தரும் அழுத்தம். முறுகும்போது 'கடகட' என்னும் ஓசை எழுவது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை.

இறுதிச் சோதனை

பெரிய சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும், சிறிதும் ஆடலாகாது. பின்னர்ச் சக்கரத்தை வண்டியில் மாட்டி, எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்ப்பது அவசியம். கியர் மாற்றியின் எல்லைத் திருகு சரியாக இல்லாவிடில், சங்கிலி பெரிய சக்கரத்தைத் தாண்டி ஸ்போக் கம்பிகளுக்குள் விழும். ஓடும் சக்கரம் அக்கணமே நின்றுவிடக்கூடும். ஏறிச் செல்பவர் வீழ்வார்.

ஆகவே, இச்சோதனையைச் செய்யாமல் எந்தச் சைக்கிளையும் கடையிலிருந்து அனுப்பலாகாது. சில நாள் ஓட்டியபின் மறுமுறை கொண்டுவரச் சொல்லிப் பூட்டு வளையத்தைச் சரிபார்த்தல் நலம். ஐந்து நிமிட வேலைதான். ஆயினும், இருட்டும் வேளையில் பள்ளியிலிருந்து தனியே திரும்பும் பிள்ளை பத்திரமாக வீடு சேர்வது அதைப் பொறுத்ததாகும்.