மலையில் மத்தேயு – 9: ஐந்து மணிக்கு வந்தவன் கூலி

சென்ற வாரம், பணக்கார வாலிபன் முகம் வாடித் திரும்பிப் போன இடத்தில் நிறுத்தினோம். அவன் தலை மறைந்ததும் பேதுரு கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் கதை வருகிறது: விடியற்காலையிலும், பகலிலும், கடைசியாக ஐந்து மணிக்கும் ஆட்களை அழைத்த ஒரு முதலாளியின் கதை. மூணாறில் இந்தக் கதைக்கு அகராதி தேவையில்லை. தோட்டம், முதலாளி, ஆளைக் கணக்கெடுப்பவர், நாள் கூலி, சாயங்கால வரிசை, வரிசையின் கடைசியில் கிளம்பும் முணுமுணுப்பு எல்லாமே இங்கே பழக்கப்பட்டவை. 1910ல் அடிக்கல் நாட்டப்பட்ட சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தின் சுவரில் இருப்பவை துரைமார்களின் நினைவுப் பலகைகள். தமிழ் ஆராதனைக்கு வந்து பெஞ்சில் உட்காருகிறவர்களில் பலர், அந்தத் துரைமார்களின் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் வம்சம். ஆனாலும் பிரசங்கத்தில் இந்தக் கதை வந்ததும் தோட்டம் மறைந்துவிடுகிறது. விடியற்காலை ஆட்கள் யூதர்கள், ஐந்து மணி ஆட்கள் பிற இனத்தார், காசு என்பது ரட்சிப்பு. ஓரிகன், அகஸ்தீன் காலத்திலிருந்தே இப்படி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் உட்பொருள் சொல்லி வந்திருக்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தக் காசு முதலில் கூலியாக இருக்கட்டும், பிறகு ரட்சிப்பாகட்டும் என்பதே என் வாதம்.

அது என்ன காசு? பழைய தமிழ் வேதாகமம் ‘பணம்’ என்கிறது. பொது மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்கிறது. சுமார் 4 கிராம் வெள்ளி. அதன் மதிப்பை அறிய யூதர்களின் மிஷ்னாவில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. ஏழைகளுக்கென்று வயலில் விடப்படும் கதிரைப் பொறுக்க யாருக்கு உரிமை என்று அது வரையறுக்கும்போது, கையில் 200 சூஸ் உள்ளவனுக்கு அந்த உரிமை இல்லை என்கிறது. சூஸ் என்பது தெனாரியத்துக்குச் சமமான காசு. வருஷத்தில் 200 நாள் வேலை கிடைத்தால் ஒரு குடும்பம் பிச்சைக்குப் போகாமல் தப்பிக்கும், அவ்வளவுதான். இப்போது கதையைப் பாருங்கள். விடியற்காலை ஆட்களிடம் மட்டுமே ஒரு தெனாரியம் என்று கூலி பேசப்படுகிறது. ஒன்பது மணிக்கு வந்தவர்களிடம் முதலாளி தொகை சொல்லவில்லை. நியாயமானதைத் தருவேன் என்கிறார். அந்த ‘நியாயம்’ எவ்வளவு என்பது சாயங்காலம்தான் தெரிகிறது: ஐந்து மணிக்கு வந்தவன் உட்பட எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். மணிக்கணக்குப்படி பார்த்தால் ஐந்து மணிக்கு வந்தவனுக்குச் சேரவேண்டியது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைக் கொண்டுபோனால் அவன் வீட்டில் உலை கொதிக்காது. முதலாளி பார்த்தது வேலை செய்த நேரத்தை அல்ல, அடுப்பை. இது தெரியாமல் ‘கிருபை’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குள் காற்றுதான் இருக்கும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். சாதாரண ஆட்சேபம் அல்ல. இந்தக் கதை தோட்ட நிர்வாகத்துக்கு அல்லவா வசதி? பேசின கூலியைத் தந்தாயிற்று, வாங்கிக்கொண்டு போ; என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா? இதை 2015 செப்டம்பரில் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்திருந்த தோட்டப் பெண்களிடம் வாசித்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியிருந்தது. கத்தரியின் வாயில் பெட்டியைக் கட்டி, சரிவில் நின்றபடி நாள் முழுக்கக் கொழுந்து வெட்டி, சாக்கைத் தலையில் ஏற்றித் தராசுக்குக் கொண்டுவருகிற பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’யாக, பெண்கள் ஒற்றுமையாக, நின்றார்கள். 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் கூலி 301 ரூபாய் ஆனது. கேட்ட 500 வரவில்லை. வில்லியம் ஹெர்ஸாக் என்ற அமெரிக்க அறிஞர் 1994ல் எழுதிய நூலில், இந்த முதலாளி கடவுளே அல்ல, ஏழைகளை ஒருவரோடொருவர் மோதவிடும் பண்ணையார் என்றே வாதிட்டார். மூணாறில் இருந்து படித்தால் அவர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

ஆனால் மத்தேயுவின் சொற்கள் அதற்கு இடம் தரவில்லை. முணுமுணுத்தவனை முதலாளி ‘சிநேகிதனே’ என்று அழைக்கிறார். மத்தேயுவில் இந்தக் கிரேக்க விளி மூன்றே இடங்களில் வருகிறது: இங்கே, கல்யாண வஸ்திரம் இல்லாமல் வந்தவனிடம், கெத்செமனேயில் யூதாஸிடம். மூன்றிலும் தவறின பக்கம் நிற்பவன் அப்படி அழைக்கப்படுகிறவனே. அப்படியென்றால் இவன் செய்த தவறு என்ன? கூலி போதவில்லை என்று அவன் சொல்லவில்லை. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்கிறான். அவனுடைய குறை பக்கத்து ஆளின் கையில் இருக்கும் காசு. ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் கேட்டது இதற்கு நேர் எதிரானது. அவர்கள் யாருடைய பங்கையும் குறைக்கச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் நிலச்சரிவில் பெட்டிமுடித் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்து 70 உயிர்கள் போனபோது, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 5 லட்சம் அறிவித்தது. மறுநாள் கரிப்பூரில் விமானம் உடைந்து இறந்தவர்களுக்கு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது முதற்கட்ட உதவிதான் என்று அரசு விளக்கியது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டவர்களும் அவர்களுக்குக் குறையுங்கள் என்று கேட்கவில்லை, எங்களுக்கும் அதே அளவு என்றுதான் கேட்டார்கள். இதை முணுமுணுப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. ‘என்னுடையது’ என்ற அந்த வாக்கியம் எனக்கும் நெருடுகிறது, மறைக்கவில்லை; நிலம் என்னுடையது என்று லேவியராகமத்தில் கடவுள் சொல்லியிருக்க, எந்த மனுஷன் அதைச் சொல்லலாம்? ஆனால் கதையில் வருகிறவர் அந்த அதிகாரத்தைக் கூடுதலாகக் கொடுக்கத்தான் பயன்படுத்துகிறார். குறைத்துக் கொடுக்கிறவருக்கு இந்த வசனத்தைத் தொட உரிமையில்லை.

எல்லாருக்கும் ஒரே கூலி என்றால் நாளைக்கு எல்லாரும் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் சந்தையில் காத்து நின்றதில்லை. ஐந்து மணிக்காரர்கள் தூங்கிவிட்டு வந்தவர்கள் அல்ல. பகலெல்லாம் நின்றவர்கள், ஏன் என்று கேட்டதற்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றவர்கள். வெயிலில் வேலை செய்வதைவிட, வேலை கிடைக்குமா என்று நிற்பதுதான் அதிகம் வாட்டும். ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் 1860ல், பிந்தி வந்தவனுக்கும் அதே கூலி என்னும் இந்தக் கதையின் 14ஆம் வசனத்திலிருந்தே தன் பொருளாதார நூலுக்குத் தலைப்பு எடுத்தார். 1904ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் அதைப் படித்த காந்தி, ஃபீனிக்ஸ் குடியிருப்பில் நிறமும் நாடும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வாழ்க்கைக் கூலி என்று திட்டம் வகுத்தார். சபைக்கு வெளியே நின்றவர் கூலியைக் கூலியாகவே வாசித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுவிசேஷத்தைச் சங்க நோட்டீஸ் ஆக்கிவிட்டாய், என் ஆத்துமாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பக்தியுள்ள வாசகர் கேட்கலாம். இருக்கிறது, அதுவும் கசப்பாக இருக்கிறது. நாம் வேதம் வாசிக்கும்போது நம்மை ஐந்து மணிக்காரன் இடத்தில் வைத்து உருகுகிறோம். பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாதவர், நான்கு தலைமுறை சபைக் குடும்பம், உண்மையில் நிற்கும் இடம் விடியற்காலை வரிசை. முதலாளி அந்த வரிசையிடம்தான் பேசுகிறார், பேசுவது கண்ணைப் பற்றி. பழைய மொழிபெயர்ப்பு ‘வன்கண்ணன்’ என்று அருமையான சொல்லைப் போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் ‘பொல்லாத கண்’. அடுத்தவன் சோற்றைப் பார்க்கும் கண். திருநெல்வேலியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தோட்டங்களுக்கு, இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். பக்கத்து லயத்தில் குடியேறுகிறார்கள், அதே தராசில் கொழுந்தை நிறுக்கிறார்கள். இந்த அதிகாரத்தை என் விசுவாசத்துக்காகப் படிக்கிறேன் என்று சொல்பவர் அவர்களைப் பார்க்கும் கண்ணில் அதைச் சோதித்துக்கொள்ளலாம். வேறு சோதனை மத்தேயு வைக்கவில்லை. முதலாளியின் கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது. விடியற்காலை ஆள் பதில் சொன்னானா, காசை வாங்கிக்கொண்டு போனானா, மறுநாள் சந்தைக்கு வந்தானா என்று எழுதப்படவில்லை. ஒரு வசனம் தள்ளி, இயேசு எருசலேமுக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறார்.