வீட்டு ஆமைக்கு எந்த மீன் நல்லது?

1990களில் பாரிஸ் கடைகளில், ஐந்து பிராங் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் எம்மிடையே பலர். காதோரம் சிவப்புக் கோடு கொண்ட இவற்றை இங்கு 'புளோரிடா ஆமை' என்பார்கள். முப்பது ஆண்டுகள் வரையும் வாழக்கூடியவை. வாங்கிய பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன பின்னரும், 25 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வளர்ந்த ஆமை பெற்றோரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

லாச்சப்பலில் மீன் வாங்கும்போது ஆமைக்கும் ஒரு பங்கு எடுக்கிறோம். "மீன் எல்லாம் ஒன்றுதானே" என்று நினைப்பது தவறு.

கெண்டை இன மீன்கள், தங்கமீன், ஹெரிங், நெத்தலி ஆகியவற்றின் பச்சை உடலில் 'தயமினேஸ்' என்னும் நொதியம் உண்டு. இது விற்றமின் பீ1 ஐ அழித்துவிடும். 1932 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பச்சைக் கெண்டை தின்ற பண்ணை நரிகள் வாதம் கண்டு இறந்தன. அதன் பின்னரே இந்தக் காரணம் ஆராயப்பட்டது. இம்மீன்களையே தொடர்ந்து உண்ணும் ஆமைக்கும் பசியின்மை, சோர்வு, தடுமாற்றம் வரலாம். குளிரூட்டியில் உறைய வைப்பதால் இந்த நொதியம் அழியாது.

ட்ரூயித், கபியோ போன்றவை இந்தக் குறை இல்லாதவை. ஆனால் வெறும் சதைத்துண்டில் கல்சியம் மிகக் குறைவு, பொசுபரசு அதிகம். அதையே கொடுத்தால் ஓடு மென்மையாகும். எனவே சிறிய மீனை முள்ளோடு முழுதாகக் கொடுப்பதே நல்லது. கல்சியம் உடலில் சேர, வெயில் அல்லது புறஊதாக் கதிர் விளக்கும் தேவை. கருவாடு, உப்பு மீன், கறியில் மிஞ்சிய மீன் எதுவும் வேண்டாம். உப்பும் தூளும் ஆமைக்கு ஆகாது.

வளர்ந்த ஆமைக்கு மீன் முதன்மை உணவு அல்ல. குட்டியாக இருந்தபோது இறைச்சியை விரும்பியது, பெரிதானதும் இலைகளைத் தேடும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆமைக்கான குளிசை உணவும் சலாது இலையும் கொடுங்கள். வாரம் ஒருமுறை சிறுதுண்டு மீன் போதும். மிஞ்சிய மீனை உடனே அகற்றுங்கள், இல்லையேல் தண்ணீர் நாறிவிடும்.

எமது உடல்நலத்துக்கும் ஒரு வார்த்தை. ஆமைகள் நோய்க்குறி எதுவும் காட்டாமலே சல்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கும். இதனாலேயே அமெரிக்கா 1975 இல் சிறு ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், முதியவர்களையும் ஆமையிடமிருந்து விலக்கி வைப்பது பாதுகாப்பானது.

வளர்க்க முடியவில்லை என்று கால்வாயிலோ பூங்காக் குளத்திலோ விடாதீர்கள். 1997 இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட இந்த ஆமை, 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விற்பதும் இனப்பெருக்குவதும் வெளியே விடுவதும் சட்டப்படி தடை. ஏற்கனவே வைத்திருப்பவர்கள், அது தப்பிப் போகாதபடி வீட்டில் அதன் ஆயுள்வரை வைத்திருக்கலாம். கண் வீங்கினாலோ உணவை மறுத்தாலோ, ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிய உயிர் அது. கடைசிவரை நன்றாகப் பார்ப்பது எமது கடமை.