சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதுமா?

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று டாக்டர் சொன்னதும் முதலில் மறைவது காபிக்குப் போடும் சர்க்கரை. அப்புறம் பாயசம், லட்டு. "நான்தான் இனிப்பைக் கையாலேயே தொடறதில்லையே!" என்று என் மாமியார் பெருமையாகச் சொல்வார். ஆனால் மோர் சாதத்துக்கு மாவடு வேண்டும், ரசத்துக்குப் பொரித்த அப்பளம் வேண்டும், சாப்பிட்டதும் வெற்றிலையோடு துளி புகையிலையும் வேண்டும்!

நீரிழிவுக்காரர்களின் உயிருக்கு அதிகம் உலை வைப்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை நாளடைவில் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. அங்கே கொழுப்பு படிகிறது. ரத்த அழுத்தமும் புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாதவிலக்கு நிற்கும் வரை பெண்களுக்கு இருதய நோயிலிருந்து ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு உண்டு என்பார்கள். நீரிழிவு வந்தால் அதுவும் பெரும்பாலும் போய்விடுகிறதாம்.

1998-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து மருந்து கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அழுத்தத்தின் மேல் அளவு சராசரி 154, மற்றதற்கு 144. இந்தப் பத்துக்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்திருந்தது!

அதனால் டாக்டரிடம் போகும்போதெல்லாம் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது கொழுப்பும், சிறுநீரில் புரதமும். பிரஷர் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அது இறங்கியதே மாத்திரையால்தானே! உப்பு ஒருவருக்கு நாளெல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். எங்கள் வீட்டில் மாவடு இப்போது நாள் கிழமைக்கு மட்டும். மோரில் இஞ்சி, கொத்துமல்லி, எலுமிச்சை சேர்த்தால் உப்புக் குறைவு தெரிவதில்லை. புகையிலையை விடவைக்கத்தான் ஆறு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது.

இன்னொன்று. நீரிழிவால் நரம்புகள் மரத்துப் போவதால் சிலருக்கு மார்வலி இல்லாமலே மாரடைப்பு வரும். திடீரென்று குப்பென வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, காரணமில்லாத அசதி என்றால் "வாயுதான்" என்று சுக்குக் கஷாயம் வைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். அதே போல வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.