சிக்னலில் சைக்கிளை எங்கே நிறுத்துவது?

சிவப்பு விழுந்ததும் சைக்கிள்காரர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. நிற்கும் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் நுழைந்து முன்னே போய்விடுவார்கள். சந்து காலியாக இருக்கிறதே, பின்னால் நின்று ஏன் புகை குடிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் சந்திப்பில் நிற்கக் கூடாத இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

பஸ் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். வண்டி நீளமாக ஆக, வெட்டும் அதிகம். திரும்புவதற்கு முன் ஓட்டுநர் சற்று வலது பக்கம் ஒடிப்பார். நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நிற்போம். பின்சக்கரம் நேரே அங்கேதான் வந்து சேரும். நம் ஊர் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், அதுவும் உயரத்தில். இடது ஓரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவருக்கு ஜன்னல் வழியாகத் தெரியாது, பல சமயம் கண்ணாடியிலும் விழாது. லாரி கிளீனர் இடது பக்கம் தலையை நீட்டிக் கதவைத் தட்டிக்கொண்டே வருவது இதற்காகத்தான். நம்மைப் போலவே இடது பக்கம் வண்டி ஓட்டும் லண்டனில், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத் தரம் பிரித்து, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அனுமதி தருகிறார்கள். 2021 மார்ச் முதல் அனுமதி இல்லாவிட்டால் அபராதம்.

அதனால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். முன்னே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்குத் தள்ளிப் போய் நில்லுங்கள். பாதியில் மட்டும் நிற்காதீர்கள்.

‘சைக்கிளா, ஓரமாப் போ’ என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். ‘ஃப்ரீ லெஃப்ட்’ போர்டு வைத்த சந்திப்பில் இந்தப் பழக்கம் காலை வாரும். அங்கே இடது ஓரம் திரும்புகிறவர்களுடையது. நேராகப் போகிறவர் அதில் நின்றால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், நிற்காமல் போனால் குறுக்கே வெட்டுவார்கள். ஐம்பது அறுபது அடிக்கு முன்பே பின்னால் பார்த்து, கை காட்டி, அந்தத் தடத்துக்கு வலது பக்கம் வந்துவிடுவது நல்லது.

மஞ்சள் விளக்கு பெரும்பாலும் மூன்று நொடி எரியும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் முப்பது மீட்டர் அகலச் சந்திப்பை மூன்று நொடிக்குள் கடந்துவிடும். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவர் நொடிக்கு நாலு மீட்டர்தான் போக முடியும்; அதே சந்திப்பைக் கடக்க அவருக்கு ஏழு நொடிக்கு மேல் வேண்டும். பச்சையின் கடைசி நொடியில், விதிப்படியே நுழைந்தவர்கூட, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது நடு ரோட்டில் இருப்பார். ‘சைக்கிள்காரன் சிக்னலை மதிக்க மாட்டான்’ என்று திட்டு வாங்குகிறவர்களில் இவரும் ஒருவர். எண் ஓடும் சிக்னலாக இருந்தால், ஐந்துக்குக் கீழே வந்ததும் நுழையாமல் நின்றுவிடுங்கள்.

வலது பக்கம் திரும்பத்தான் பலருக்கும் பயம். ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே வலது ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. பச்சையில் நேராகக் கடந்து எதிர் மூலைக்குப் போங்கள். இடது கைப்பக்கச் சாலையிலிருந்து வருகிறவர்கள் அங்கே சிவப்புக்கு நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஓரமாக நின்று சைக்கிளை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பச்சை விழுந்ததும் அவர்களோடு கிளம்பிவிடலாம். ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ கூடுதலாகும். டென்மார்க்கில் போக்குவரத்து வலது பக்கம் என்பதால், அங்கே சைக்கிள்காரர்கள் இடது பக்கம் திரும்ப இப்படி இரண்டு கட்டமாகத்தான் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மேம்பாலச் சந்திப்பில் இந்த உபாயம் செல்லாது. 2008-ல் திறந்த சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தைப் பாருங்கள். வலது பக்கம் போக வேண்டியவர் பாலத்தைத் தாண்டி இடது பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி இறங்க வேண்டும். சிக்னலே இல்லை, அதனால் யாரும் நிற்பதும் இல்லை. நேராகப் போகிற சைக்கிளுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வேகமாக வந்து சேரும். இன்னொரு கூட்டம் வலது பக்கத்திலிருந்து அவர் முன்னால் வெட்டி அடுத்த சுற்றுக்குள் நுழையும். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆனால் இந்தப் பாலத்தின் மேல் சைக்கிளுக்கு நான் சொல்லக்கூடிய உத்தி எதுவும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும் உள்தெரு வழியாகப் போய்விடுங்கள்.