கண்டுபிடித்தால் போதுமா, வாங்குவது யார்?

முப்பத்தாறு மாதங்கள், 36 கோடி ரூபாய். 1984 ஆகஸ்டில் சி-டாட் எனப்படும் தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியபோது மத்திய அரசு விதித்த கெடுவும் ஒதுக்கிய பணமும் இவ்வளவுதான். உள்நாட்டிலேயே மின்னணுத் தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்க வேண்டும் என்பது இலக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த சாம் பித்ரோடா தில்லி அரசியல் தலைமையிடம் பேசிப் பெற்ற வாய்ப்பு அது. தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்திருந்த காலம்.

மேலைநாட்டு இணைப்பகங்கள் நமக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவை குளிரூட்டப்பட்ட அறைகளுக்காகச் செய்யப்பட்டவை. அங்கு வீட்டுக்கு வீடு தொலைபேசி இருந்ததால் ஒவ்வோர் இணைப்பிலும் அழைப்புகள் குறைவு. இங்கோ தெருவுக்கு ஒரு தொலைபேசி. அதில் தெருவே பேசியது. சி-டாட் பொறியாளர்கள் 128 முனைகள் கொண்ட சிறிய இணைப்பகத்தை வடிவமைத்தனர். புழுதியையும் வெயிலையும் தாங்கும். குளிரூட்டும் கருவி தேவையில்லை. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது இயங்கத் தொடங்கியது. பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குச் சென்றது.

இந்த வெற்றியில் பொறியாளர்களின் திறமைக்கு உள்ள பங்கு அரசின் கொள்முதலுக்கும் உண்டு. நாடு முழுவதும் தொலைபேசி நடத்தியது அரசு ஒன்றே. தன் மையம் உருவாக்கியதைப் பல தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துச் செய்யச் சொன்னதும் அரசு. செய்ததை வாங்கியதும் அரசு. கண்டுபிடிப்புக்குச் சந்தை முன்கூட்டியே காத்திருந்தது.

தொண்ணூறுகளில் அந்த நிலை மாறியது. 1991-க்குப் பிறகு அன்னிய நிறுவனங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு உள்ளே வந்தன. 1994-இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31-இல் கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் நாட்டின் முதல் செல்போன் அழைப்பில் பேசினார். அந்தப் பேச்சைச் சுமந்த கருவிகள் வெளிநாட்டவை. 1997-இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் இத்தகைய பல கருவிகளுக்கான இறக்குமதி வரியும் 2005-க்குள் நீங்கியது. இதனால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை இருந்த கட்டணம் பைசாக் கணக்குக்கு இறங்கியதில் இந்தத் திறப்புக்கும் பங்குண்டு. ஆனால் சி-டாட்டிடம் விற்பதற்குச் செல்போன் தொழில்நுட்பம் இருக்கவில்லை. அதை உருவாக்கு என்று கெடு விதிக்கவும் தில்லியில் எவரும் இருக்கவில்லை.

அதே காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. ஒரே இணைப்பில் பேசவும் இணையத்தில் உலவவும் முடிந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் அதன் வழியே இயங்கின. 2001 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விதியை மாற்றியது. நிலையான தொலைபேசி நிறுவனங்கள் தம் வட்டாரத்துக்குள் நகரும் கம்பியில்லாச் சேவையையும் தரலாம் என்றது. அதற்குப் பொருந்தியது சிடிஎம்ஏ. கார்டெக்ட் அதற்கென உருவானதல்ல. நிறுவனங்களின் கொள்முதல் சிடிஎம்ஏ பக்கம் திரும்பியது. சோதனைக்கூடத்தில் தோற்காத ஒன்று அரசாணையில் தோற்றது என்றால் மிகையில்லை.

மீண்டும் உள்நாட்டுத் தொழில்நுட்பம் என்ற பேச்சு வலுத்தபோது, அதன் விலையைக் கொடுத்தது பிஎஸ்என்எல். தனியார் நிறுவனங்கள் 2012 முதலே 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்ததோ 2019 அக்டோபரில். 2020 மார்ச்சில் கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நிபந்தனைகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கே சாதகம் என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. ஜூலையில் ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. இனி இந்தியத் தொழில்நுட்பமே என்றது அரசு. அந்த அளவில் இயங்கிக்கொண்டிருந்த இந்திய 4ஜி தொழில்நுட்பம் அன்று எதுவும் இல்லை.

மையக் கட்டமைப்பை சி-டாட்டும் அலைவரிசைக் கருவிகளைத் தேஜஸ் நிறுவனமும் செய்ய, டிசிஎஸ் இணைத்துத் தந்தது. சுமார் 15,000 கோடி ரூபாய்க்கான ஆணை 2023 மே மாதம்தான் கிடைத்தது. அதற்குள் 2022 அக்டோபரில் தனியார் 5ஜி தொடங்கிவிட்டது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது லட்சக்கணக்கானோர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினர். கையில் வந்த வாடிக்கையாளருக்கு வேகமான இணையத்தைத் தர முடியாத நிலை பல ஊர்களில். சில மாதங்களில் அந்த வரவு நின்று, எண்ணிக்கை மீண்டும் சரிந்தது. உள்நாட்டு 4ஜி முறையை 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களுடன் ஒடிஸாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் மோடி 2025 செப்டம்பர் 27-இல் தொடங்கிவைத்தார்.

சொந்தமாக 4ஜி முறை செய்யத் தெரிந்த மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அரசு பெருமை கொள்கிறது. பெருமைப்படலாம். ஆனால் இத்தனை ஆண்டுத் தாமதத்தின் செலவை ஏற்றது கொள்கை வகுத்த அமைச்சகம் அல்ல. வேறு நிறுவனத்தின் கோபுரமே இல்லாத ஊர்களில் பிஎஸ்என்எல்லை மட்டும் நம்பியிருந்தவர்கள். அவர்கள் 2ஜி, 3ஜி இணைப்போடு காத்திருந்தனர்.

1986-இல் வாங்குவதற்கு ஒரே நிறுவனம் இருந்தது, அது அரசு. இன்று நிறுவனங்கள் பல. உள்நாட்டு 4ஜி முறையைப் பெரிய அளவில் வாங்கியிருப்பது இன்னமும் அரசின் பிஎஸ்என்எல்தான். தனியாரின் 5ஜி கோபுரங்களில் எரிக்சன், நோக்கியா, சாம்சங் கருவிகள் இருக்கின்றன. அடுத்த ஆணை எங்கிருந்து வரும் என்பதற்கு தில்லி அசோகா சாலையின் சஞ்சார் பவனில் இருந்து இன்னும் தெளிவான பதில் இல்லை.