பாண்டிச்சேரி வீட்டுக்கு எந்த பியானோ? வாங்கும்முன் விரலிடம் கேளுங்கள்!

“ரெண்டு வருஷமா வாசிக்கிறேன்ப்பா... ஆனா இதுல சத்தமே வரலையே!”

முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் 61 கட்டை கீபோர்டில் பழகிய என் மகள், முதன்முறையாக நிஜ பியானோ ஒன்றின் முன்னால் உட்கார்ந்தபோது சொன்னது இது. மெதுவாக அழுத்தினாள், கட்டை கீழே போனது, ஒலி எழவில்லை. பயந்துபோய் ஓங்கி அழுத்தினாள், அறையே அதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள எந்த அளவும் அவள் விரலுக்குப் பிடிபடவில்லை.

தப்பு அவள்மீது இல்லை. ‘இதுவும் பியானோ மாதிரிதான் சார்’ என்ற பேச்சை நம்பி, எத்தனை டோன், எத்தனை ரிதம் என்று எண்ணிப் பார்த்து வாங்கிய என்மீதுதான். அடுத்த முறை வாங்கும்முன் நான் கற்றுக்கொண்டவை இவை. உங்கள் வீட்டிலும் பியானோ ஆசை முளைத்திருந்தால், பணத்தை எடுப்பதற்குமுன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

நிஜ பியானோவே வாங்கிவிடலாமே?

ஆசைதான். ஆனால், சுவரோரம் நிற்கும் சாதாரண அப்ரைட் பியானோவே சுமார் 200 கிலோ. நம்மூர் வீடுகளின் குறுகலான மாடிப்படியில் அதை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாடகை வீடு என்றால், வீடு மாறும்போதெல்லாம் இதே கதை.

அதைவிடப் பெரிய பிரச்னை கடல் காற்று. பியானோவுக்குள் 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், ஒலியைப் பெருக்கும் பெரிய மரப்பலகை, ஆயிரக்கணக்கான மர, கம்பளிப் பாகங்கள் இருக்கின்றன. ஈரப்பதம் ஏறினால் மரம் உப்பும், சுருதி விலகும், கட்டைகள் சிக்கிக்கொள்ளும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும். அதற்கான ஆளைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு, தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் பியானோதான் நடைமுறைக்கு ஒத்துவரும். டிசம்பர் கேரல் நிகழ்ச்சிக்கோ, ஜூன் 21 இசைத் திருநாளுக்கோ ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோகலாம் என்பது போனஸ்.

ஸ்பிரிங்கா, சுத்தியலா?

நிஜ பியானோவில் நீங்கள் கட்டையை அழுத்தும்போது, உள்ளே ஒரு சிறு சுத்தியல் எகிறிப் போய்க் கம்பியைத் தட்டுகிறது. விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு உரக்க ஒலிக்கும். ரொம்ப மெதுவாக இறங்கினால் சுத்தியல் கம்பியைத் தொடாது. என் மகளுக்குச் சத்தம் வராத ரகசியம் இதுதான்.

சாதாரண கீபோர்டில் சுத்தியல் கிடையாது, ஸ்பிரிங்கோ ரப்பரோதான் கட்டையைத் தாங்குகிறது. அழுத்த அழுத்த ஸ்பிரிங் இறுகும். சுத்தியல் அப்படியல்ல, கிளம்பும்போதுதான் கனம் தெரியும், கிளம்பிய பிறகு தானே ஓடும். கிணற்று வாளியை இழுப்பதற்கும் ரப்பர் பேண்டை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனவே, பெட்டியின்மேல் தேட வேண்டிய சொல் ‘ஹாமர் ஆக்‌ஷன்’. ‘டச் சென்சிடிவ்’ என்றால் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் என்று மட்டுமே பொருள், கட்டைக்குக் கனம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ‘செமி வெயிட்டட்’ என்பதும் பெரும்பாலும் ஸ்பிரிங்தான். கூடவே, 88 கட்டைகள் முழுதாக இருக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனைகள்

வாசிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம். கூச்சப்படாதீர்கள், கொடுப்பது உங்கள் காசு.

1. இடது கோடிக் கட்டையையும் வலது கோடிக் கட்டையையும் மாறி மாறி அழுத்துங்கள். நிஜ பியானோபோல இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் இருக்க வேண்டும்.

2. ஒரே கட்டையை முடிந்தவரை மெதுவாகப் பத்து முறை வாசியுங்கள். பத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கிறதா? பிறகு ஓங்கி வாசியுங்கள். ஒலி கூடினால் மட்டும் போதாது, அதன் குணமும் மாறிக் கணீரென்று வர வேண்டும்.

3. கட்டையைப் பாதி மட்டும் மேலே வரவிட்டு மீண்டும் அழுத்துங்கள். ஒலி விட்டுப்போகிறதா? ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சார் உள்ள மாடல்கள் இதில் பொதுவாகத் தேறும்.

4. கட்டையின் நுனியில் அல்ல, உள்பக்கமாக, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து அழுத்துங்கள். எடை குறைந்த மாடல்களில் கட்டையின் நீளம் உள்ளே குறைவு என்பதால் இங்கே இறுக்கமாக இருக்கும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, விரல் திணறினால் வேண்டாம்.

5. வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு வேகமாக வாசியுங்கள். ‘டக் டக்’ என்று வரும் சத்தம்தான், நீங்கள் இரவில் ஹெட்போன் போட்டு வாசிக்கும்போது கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கப்போகும் கச்சேரி!

எந்த மாடல்?

யமஹா பி-145 சுமார் 11 கிலோ, லேசான ரகம். ரோலண்ட் எஃப்பி-10 சுமார் 12 கிலோ, மூன்று சென்சார்கள் கொண்டது. கிராண்ட் பியானோவில் சுத்தியல் விடுபடும் கணத்தில் விரலுக்குத் தெரியும் சிறு தடங்கலையும் போலச்செய்கிறது. அதே விசைப்பலகையோடு பெரிய ஸ்பீக்கர் வேண்டுமென்றால் எஃப்பி-30எக்ஸ். ஆனால், எடை 15 கிலோவை நெருங்கும். கவாய் இஎஸ்120-லும் மூன்று சென்சார்கள் உண்டு. கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 பேட்டரியிலும் ஓடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டி, பல பகுதிகளில் கரன்ட் போனதே, அப்படிப்பட்ட நாள்களில் அதன் அருமை தெரியும்.

இந்த ரகங்கள் ஏறக்குறைய 40,000 ரூபாயை ஒட்டித் தொடங்கி மேலே போகின்றன. 20,000 ரூபாய் மிச்சம் என்று மறுபடி கீபோர்டுக்குப் போனால், இரண்டு வருடத்தில் இரண்டாவது முறை வாங்குவீர்கள். சொந்த அனுபவம்! நீங்கள் தேடும் மாடல் இங்கே கடையில் தொட்டுப் பார்க்கக் கிடைக்கவில்லை என்றால், ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாமல் ஒரு நாள் சென்னைக்குப் போய்வாருங்கள். அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிகல் போன்ற கடைகள் அங்கே இருக்கின்றன. கிரேடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், அந்தத் தேர்வுக்கு எந்த வகை பியானோ ஏற்கப்படும் என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டில் கோட்டை விடாதீர்கள்

நல்ல பியானோவை ஆடும் எக்ஸ் ஸ்டாண்டில் வைத்தால், வாங்கிய டச் எல்லாம் வீண். ஆடாத ஸ்டாண்ட் வாங்குங்கள். உட்கார்ந்தால் முழங்கை, கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். பெட்டியோடு வரும் சின்ன பெடல் பெரும்பாலும் வெறும் சுவிட்ச்தான். பியானோ ஏற்குமானால், பாதி அழுத்தத்தையும் உணரும் பெடலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கடல் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் செய்தாலும், மரப்பலகை அதிர்ந்து உடம்புக்குள் இறங்கும் அந்தச் சுகத்தை எந்த டிஜிட்டலும் முழுதாகத் தராது. வாரம் ஒரு முறையாவது நிஜ பியானோவைத் தொட வாய்ப்பு தேடிக்கொள்ளுங்கள். மற்ற ஆறு நாளும் பழகிய விரல், அங்கே போய்த் திகைக்கக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும்.

புதிய பியானோவில் ஏழு மாதம் பழகிய பிறகு, மகளை அதே பழைய பியானோ முன் உட்கார வைத்தேன். மெதுவாக அழுத்தினாள்.

ஒலி வந்தது!