காப்பிக் களத்தில் பதினைந்து நாட்கள்

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தை அடுத்து, செங்கல்லால் சுருள் வடிவில் எழுந்து நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ், அந்நகருக்கு வருவோரின் கண்ணில் முதலில் படும் கட்டிடங்களுள் ஒன்று. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இதனை நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாகும். 1950களில் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலனின் துணையுடன் தாங்களே சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். கேரளத்தில் அத்தகைய முதல் கடை 1958இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. காப்பியைப் பரிமாறும் கைகளின் வரலாறு இவ்வாறு ஓரளவு பலரும் அறிந்ததே. அதைப் பறித்து உலர்த்தும் கைகளைப் பற்றி அறிந்தோர் குறைவு.

தலைநகருக்கு அருகிலுள்ள பொன்முடிச் சரிவுகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் தேயிலையே. காப்பி திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதன்மைப் பயிர் அன்று. கேரளக் காப்பியின் பெரும்பகுதி, தலைநகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால், மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள வயநாட்டு மேட்டுநிலத்தில் விளைகிறது. நாட்டின் காப்பி உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் கருநாடகத்துக்கும் 20 சதவீதம் கேரளத்துக்கும் உரியது. வயநாட்டில் பயிராவது பெரும்பாலும் ரொபஸ்டா வகை. 2019இல் ‘வயநாடு ரொபஸ்டா காப்பி’ புவிசார் குறியீடும் பெற்றது.

தோட்டம் என்றவுடன் துரைமார் பங்களாவும், வரிசை வரிசையான லயங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மை நிலை வேறு. இந்தியக் காப்பி விவசாயிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் மேல் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் உடைய சிறு விவசாயிகள். வயநாட்டில் பலருக்கு இரண்டு மூன்று ஏக்கரே சொந்தம். வீட்டைச் சுற்றிக் காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக் மரமும் முள்முருங்கையும், அவற்றின் மேல் படரும் மிளகுக் கொடி, இடையிடையே பாக்கும் வாழையும் என்பதே இங்குள்ள பண்ணையின் அமைப்பு. வீட்டின் முற்றமே களம். வீட்டாரே பெரும்பாலும் வேலையாட்கள்.

இத்தகைய குடும்பம் ஆண்டு முழுவதும் பட்ட பாட்டின் பயன், அறுவடைக் காலத்தில் முற்றத்தில் கழியும் சில வாரங்களில் கூடவோ குறையவோ செய்கிறது. மரத்தில் நன்றாக விளைந்த காப்பி களத்தில் கெட்டுப்போவதுண்டு. களத்தில் கெட்டதைப் பின்னர் எந்த இயந்திரமும் சீராக்க இயலாது.

பறிப்பு

பூத்த நாளிலிருந்து அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதங்களும், ரொபஸ்டா பழுக்கப் பத்துப் பதினொரு மாதங்களும் ஆகின்றன. ஆகவே வயநாட்டில் பறிப்பு டிசம்பர் மத்தியில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கிறது. நன்கு பழுத்த பழத்தை விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளிருக்கும் விதை வெளியே நழுவி விழும். பறிக்க ஏற்ற பக்குவத்துக்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

ஒரே கிளையில் உள்ள பழங்கள் அனைத்தும் ஒரே நாளில் பழுப்பதில்லை. முதலில் பழுத்தவற்றைத் தேர்ந்து பறித்து, பத்துப் பதினைந்து நாட்கள் கழித்து முதன்மைப் பறிப்பை நடத்தி, கடைசியில் எஞ்சியவற்றை உருவி எடுப்பதே முறை. நடைமுறையில் சிறு பண்ணைகளில் ஒரே தடவையாகக் கிளையைக் கையால் உருவிப் பச்சைக் காயும் சிவந்த பழமும் காய்ந்த கொட்டையும் ஒன்றாகக் கீழே விரித்த படுதாவில் விழச் செய்வதே மிகுதி. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. காரணம் அதுவன்று. பறிப்பாளுக்குத் தட்டுப்பாடு, ஒரே வாரத்தில் எல்லாத் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்படுகிறது. மூன்று முறை ஆள் வைத்தால் கூலியும் மூன்று முறை. பழுத்ததைப் பறித்தவனுக்கும் உருவியவனுக்கும் வியாபாரி ஒரே விலை கொடுக்கும் ஊரில், தேர்ந்து பறிக்குமாறு அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது.

எனினும் பச்சைக் காயால் விளையும் இழப்பு மறைந்து போவதில்லை. முதிராத காயின் பருப்பு சுருங்கிச் சிறுத்துவிடும், எடை குறையும், வறுத்தாலும் நிறம் ஏறாது. ரொபஸ்டாவுக்கு இயற்கை அளித்த ஒரு சலுகையும் உண்டு. அராபிகாவைப் போல் பழுத்தவுடன் உதிர்ந்துவிடாமல் அது கிளையிலேயே சில நாட்கள் தங்கும். ஆகவே ஆள் கிடைக்காவிட்டாலும், பெரும்பகுதி பழுக்கும்வரை பொறுத்திருந்து உருவுவது இயலக்கூடியதே. பொறுத்திருக்கவிடாமல் செய்வது பள்ளிக் கட்டணம், வங்கித் தவணை, திருமணச் செலவு ஆகியவையாம். இன்னொன்று திருட்டுப் பயம். விலை ஏறிய ஆண்டுகளில் இது மேலும் கூடுகிறது.

உருவித்தான் பறிக்க நேர்ந்தாலும், அன்று மாலையே கூடையிலுள்ளவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் கேடு தவிர்க்கப்படும். பச்சைக் காய் தனி, பழம் தனி, மரத்திலேயே காய்ந்தது தனி. மூன்றும் உலர எடுத்துக்கொள்ளும் நாட்கள் வேறு வேறு. கலந்து பரப்பினால் ஒன்று முறுகிப்போகும்போது மற்றொன்று ஈரமாகவே இருக்கும். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி இரவு முழுதும் வைத்தல் ஆகாது. சாக்கினுள் சூடேறிப் புளித்து, அந்த நாற்றம் பருப்பில் ஏறிவிடும்.

களம்

காப்பியைப் பக்குவப்படுத்துவதில் இரு முறைகள் உள்ளன. பழத்தின் தோலை இயந்திரத்தால் நீக்கி, பிசுபிசுப்பைப் போக்கிக் கழுவி, மேலோட்டுடன் உலர்த்துவது ஒன்று. இதற்கு இயந்திரமும் நிறைய நீரும் கழிவுநீரை விடும் வழியும் தேவை. பழத்தை அப்படியே முழுதாக வெயிலில் உலர்த்துவது மற்றொன்று. வயநாட்டுச் சிறு பண்ணைகளில் வழக்கமானது பின்னதே. இவ்வாறு உலர்ந்த முழுக் காயை மலையாளத்தில் ‘உண்டக் காப்பி’ என்பர்.

பழத்தில் பாதிக்கும் மேல் நீரே. ஏறத்தாழ 5 கிலோ ரொபஸ்டாப் பழத்திலிருந்து 1 கிலோ பருப்புத்தான் கிடைக்கும் என்பதிலிருந்து வெயிலுக்குள்ள வேலையின் அளவை ஊகிக்கலாம். பழத்தை ஏறத்தாழ 8 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். பின்னர் மணிக்கு ஒரு முறை வரப்பு வரப்பாக இழுத்துக் கிளறிவிட வேண்டும். வெயில் நன்றாகக் காய்ந்தால் 12 முதல் 15 நாட்களில் காய் பக்குவத்துக்கு வரும்.

மணிக்கு ஒரு முறை என்று எழுதுவது எளிது. சமையலுக்கும் கால்நடைக்கும் இடையே, கொதிக்கும் முற்றத்தில் இறங்கி அதைச் செய்வோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியவர்களுமே. கோழி கிளறாமலும் ஆடு மிதிக்காமலும் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. இந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் கூலியாக எழுதப்படுவதில்லை.

மாலையில் காயைக் குவித்து மூட வேண்டும். வயநாட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பனி கடுமை. பகலில் விட்ட ஈரத்தை இரவில் காய் திரும்ப ஈர்த்துக்கொள்ளும். ஆனால் சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் படுதாவால் இறுக மூடினால் குவியலுக்குள் வியர்த்து நனைந்துவிடும். சூடாறிய பின் முதலில் கோணியையும் அதன்மேல் படுதாவையும் போர்த்துவது நன்று.

களத்தின் தரை எத்தகையது என்பது அனைத்தையும்விட முக்கியமானது. வெறும் மண்ணிலும் சாணம் மெழுகிய தரையிலும் உலர்த்திய காப்பியில் மண்வாடை ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். சில பூஞ்சைகள் ‘ஆக்ரடாக்சின் ஏ’ என்னும் நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. வறுத்தாலும் இது முழுவதும் அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காப்பியில் இதற்கான உச்ச வரம்பைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என வைத்திருந்து, 2023 முதல் 3 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவது. அதிலும் ஐரோப்பா முக்கியமான சந்தை. ஆகவே பிரஸ்ஸல்ஸில் எழுதப்படும் ஒரு விதி மானந்தவாடிக்கு அருகிலுள்ள ஒரு முற்றத்தின் தரையைப் பற்றியதாகவும் அமைந்துவிடுகிறது.

சிமெண்டுக் களமே ஏற்றது. அதற்கு வசதியில்லாதவர் சுத்தமான படுதாவையோ மூங்கில் பாயையோ விரித்துக்கொள்ளலாம். மொட்டை மாடியும் பயன்படும். தார்ச் சாலையோரம் பரப்புவது, புகையும் தூசியும் எண்ணெயும் படிவதால், தவிர்க்கப்பட வேண்டியது. சிறு விவசாயிகள் களமும் கிடங்கும் அமைக்கக் காப்பி வாரியம் உதவி வழங்குவதுண்டு. இதில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று உள்ளது. இன்று பறித்தது களத்தை விட்டு இறங்க இரண்டு வாரம் ஆகும். நாளைப் பறிப்பையும் அதற்கடுத்த நாள் பறிப்பையும் அதன்மேல் கொட்டுதல் ஆகாது. ஆகவே களம் ஒரு நாள் பறிப்புக்குப் போதுமானதாக இருந்தால் போதாது. இரண்டு வாரப் பறிப்பைத் தாங்க வேண்டும். இடம் போதாமலேயே பல வீடுகளில் மூன்று அங்குலம் ஆறு அங்குலமாகிவிடுகிறது.

ஈரம், எடை, விலை

காய் உலர்ந்ததை எப்படி அறிவது? கைநிறைய அள்ளிக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும் என்பது பழைய வழக்கு. இன்னும் திட்டமான வழியும் உண்டு. ஒரே அளவுப் பாத்திரத்தில் தலைதட்டி அளந்த காயை நாள்தோறும் நிறுத்துவர வேண்டும். அடுத்தடுத்த இரு நாட்கள் எடை மாறாதிருந்தால் உலர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஒரு டப்பாவும் தராசும் இருந்தால் போதும், ஈரமானி வேண்டியதில்லை.

முழுக் காயாக உலர்த்தும் ரொபஸ்டாவுக்குக் காப்பி வாரியம் வகுத்துள்ள ஈர அளவு 11 சதவீதம். இதன் பொருளை ஒரு மூட்டையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வயநாட்டுச் சந்தையில் உண்டக் காப்பிக்கு 54 கிலோ மூட்டை அளவில் விலை கூறுவது வழக்கம். 11 சதவீத ஈரமுள்ள மூட்டை ஒன்றை மேலும் 8 சதவீதம் வரை காயவிட்டால் அதன் எடை ஏறத்தாழ 52¼ கிலோவாகிவிடும். விவசாயிக்கு மூட்டைக்கு 1¾ கிலோ இழப்பு. அதே காயை 15 சதவீதத்தில் அள்ளினால் எடை 56½ கிலோவாக நிற்கும். இந்த இரண்டரைக் கிலோ நீரை நம்பி முன்கூட்டியே விற்பவர் உண்டு. வியாபாரி அதை அறியாதவர் அல்லர். காயைக் கடித்துப் பார்த்து, ஈரத்துக்கென அவர் கழிப்பது பெரும்பாலும் உண்மையான ஈரத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

முழுக் காயில் பருப்பு ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதி எத்தனை கிலோ என்பதே விலையை முடிவு செய்கிறது. சில விவசாயிகள் உள்ளூர் ஆலையில் தோல் நீக்கிப் பருப்பாகவே விற்பதன் காரணம் இதுதான். தம் சரக்கு என்ன தேறுகிறது என்பதை விற்குமுன் அவர்களே அறிந்துகொள்கின்றனர்; தோலும் எருவாகத் தோட்டத்துக்கே திரும்புகிறது.

1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காப்பி வாரியம் நெடுங்காலம் காப்பி முழுவதையும் பொதுத் தொகுப்பில் பெற்றுத் தானே விற்றுவந்தது. அக்கட்டுப்பாடு 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் அறவே நீங்கியது. அதன்பின் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் நேரே முற்றத்துக்கு வந்து சேர்கிறது. 2001இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 500 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2024 செப்டம்பரில் 5,000 டாலரைத் தாண்டியது. இந்த அலைச்சலில் விவசாயிக்கு உள்ள ஒரே பிடிமானம், விலை நன்றாகும்வரை சரக்கை வைத்திருக்கும் ஆற்றல். சரியாக உலராத காப்பியை அவ்வாறு வைத்திருக்க இயலாது. அதில் பூஞ்சை மட்டுமன்றி, காய்த்துளைப்பான் வண்டும் பெருகும். இந்தியாவில் இவ்வண்டு முதன்முதலில் 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. அடுத்துள்ள வயநாட்டுக்கு அது பரவ அதிக காலம் பிடிக்கவில்லை. குறித்த அளவுக்கு உலர்ந்த காயில் அதனால் இனம்பெருக்க இயலாது. வண்டு துளைத்த காய்களைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்த பின்னரே களத்தில் பரப்ப வேண்டும்.

மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மீது, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் இருக்கும் அறையில் காப்பிக்கு இடமில்லை. உரச் சாக்கில் காப்பியைக் கட்டவே கூடாது. ஈரக்காற்றில் ஊறவைத்தே விற்கப்படும் ‘மான்சூன்டு மலபார்’ காப்பியைச் சுட்டிக்காட்டி, ஈரம் பட்டால் என்ன என்று கேட்போரும் உண்டு. அது தோல் நீக்கித் தரம் பிரித்த பருப்பை, மேற்குக் கடற்கரைப் பண்டகசாலைகளில் தென்மேற்குப் பருவக் காற்றில் பரப்பிக் கிளறிச் செய்யப்படும் தனித் தொழில். வீட்டு மூலையில் பூத்துப்போன சாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பூ மழை

பறிப்பு பிப்ரவரிக்கு மேல் நீளுமானால் வேறொரு சிக்கல் எழுகிறது. அடுத்த ஆண்டுப் பூவுக்காக மொட்டுகள் அப்போது கிளைகளில் காத்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஓர் அங்குல அளவு கோடை மழை பெய்தால் ஒரு வாரம் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். ரொபஸ்டா அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. பூத்திருக்கும் நாட்களில் கிளையை உருவினால் வரும் ஆண்டின் காய்ப்பே குறையும். ஆகவே மழைக்குமுன் மரங்கள் வெறுமையாகிவிட வேண்டும். தரையில் சிந்தியவையும் கிளையில் தங்கியவையும் பொறுக்கப்பட வேண்டும். விட்டுவைத்த ஒவ்வொரு காயும் காய்த்துளைப்பானுக்கு வீடாகும்.

அதே மழை களத்தில் உலர்ந்துகொண்டிருக்கும் கடைசிப் பறிப்பின்மேலும் பெய்கிறது. மாலையில் மேற்கே கருத்தால், தோட்டத்துக்கு அது வேண்டும் என்று விரும்பிக்கொண்டே, வீட்டார் அனைவரும் படுதாவோடு முற்றத்துக்கு ஓடுகின்றனர்.